நெரிசல் மிகுந்த ஊர்

அங்கே நிற்காதீர்கள் தம்பி. பலகை வைத்திருக்கிறார்களே என்று நம்பி நிற்கிறீர்கள். 'கொன்றையூர் பேருந்து நிறுத்தம்' என்று எழுதியிருக்கிற இடத்தில் எந்தப் பஸ்ஸும் நிற்காது. பாலம் ஏறுகிற வேகத்தில் பறந்துவிடும். நிற்கிற இடம் இதுதான், ஒன்றுமே எழுதாத இந்த இடம். இப்படி வாருங்கள். பையை அந்தக் கல்மேல் வையுங்கள்.

யார் வீட்டுக்கு வந்தீர்கள்? காதுகுத்தா? நல்லது, நல்லது. வந்தபோதும் இங்கேதான் இறக்கிவிட்டிருப்பார்கள். இந்த வெயிலில் ஊர்வரை நடந்திருப்பீர்கள். ஊர்க்காரன் என்ற முறையில் நான் வருத்தம் தெரிவிக்க வேண்டும். ஆனால் தப்பு என்மேல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தெய்வசிகாமணி. கடைவீதியில் செருப்புக் கடை. வியாபாரிகள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வேறு யாரும் அந்த வேலையைச் செய்ய முன்வருவதில்லை. நான் முன்வந்துவிடுகிறேன் என்பது ஒரு காரணம்.

அதோ, பாலத்துத் தூண் நிழலில் பச்சைச் சேலையில் ஒரு பெண் நிற்கிறாள், பெட்டியோடு. திரும்பிப் பார்க்காதீர்கள். அவள் என் மகள் வசுமதி. டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறார். என் மனைவி காலமான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இன்றைக்கு அவள் டவுனில் வீடு பிடித்துக்கொண்டு போகிறாள். சாமான்கள் காலையிலேயே வண்டியில் போய்விட்டன. என்னோடு பேச்சு இல்லை. பஸ் வருவதற்குள் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்றுதான் கடையைப் பூட்டிவிட்டு வந்து நிற்கிறேன்.

எதற்காகப் போகிறாள் தெரியுமா? பஸ் இல்லை என்பதற்காக. அப்பாவை விட்டுப் போக அது ஒரு காரணமா, நீங்களே சொல்லுங்கள். சரி, முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் பெரிய ரோடு எங்கள் கடைவீதி வழியாகத்தான் போகும். மதுரை பஸ், சேலம் பஸ், டவுன் பஸ், சரக்கு லாரி எல்லாம் என் கடை வாசலை உரசிக்கொண்டு போகும். பஸ் ஸ்டாண்டு எதிரில். வசுமதி கடைசி வாய் இட்லியை விழுங்கிக்கொண்டே போய் ஏறிவிடுவாள். நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே டாட்டா காட்டுவேன். புகை, தூசி, ஹாரன் சத்தம், எல்லாம் உண்டு. பேரம் பேசுகிற வாடிக்கையாளர் என்ன சொல்கிறார் என்றே காதில் விழாது. அது ஒரு வசதி.

அப்போதுதான் டெல்லியில் ரோட்டுக்குப் புதுத் திட்டம் போடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. நாட்டில் வண்டிகள் பெருகிவிட்டன, எந்த ஊரில் எவ்வளவு போகிறது என்று பார்த்து ரோடு போடப்போகிறார்களாம். ஒரு நாள் காலையில் இரண்டு பையன்கள் வந்து, ஊர் எல்லையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கையில் அட்டை. ஒரு வண்டி போனால் ஒரு கோடு. ஒரு வாரம் உட்காரப் போவதாகச் சொன்னார்கள்.

சங்கத்தைக் கூட்டினேன். நான் சொன்னது இதுதான். "டெல்லிக்காரனுக்கு நம்ம ஊர் எங்க தெரியும்? அந்த அட்டையில விழற கோடுதான் நம்ம ஊரு. கோடு கம்மியா இருந்தா சின்ன ஊருன்னு ஒதுக்கிடுவான். நிறைய இருந்தா பெரிய ரோடு, பெரிய பஸ் ஸ்டாண்டு, எக்ஸ்பிரஸ் பஸ்ஸெல்லாம் இங்க நிக்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஜமால் பாய் மட்டும் தட்டவில்லை. அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். யோசித்துவிட்டுத்தான் எதையும் செய்வார். "செயலாளரே, கோடு நிறைய விழணும்னா வண்டி நிறைய வேணுமே?" என்றார்.

"இருக்கிற வண்டி திரும்பத் திரும்பப் போகக்கூடாதா பாய்?" என்றேன். அப்புறம் அவரும் கை தட்டினார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது வசுமதியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அப்பா, ரத்தத்துல சர்க்கரை ஜாஸ்தின்னு நான் ரிப்போர்ட் கொடுத்தா டாக்டர் என்ன பண்ணுவார்? லட்டா கொடுப்பார்? இனிப்பை நிறுத்துவார். நெரிசல் ஜாஸ்தின்னு ரிப்போர்ட் போனா ரோட்டை ஊருக்கு வெளியே தூக்கிட்டுப் போயிடுவாங்கப்பா."

நான் சிரித்தேன். "ரத்தம் வேற, ரோடு வேறம்மா" என்றேன். சரிதானே தம்பி? ரத்தம் வேறு, ரோடு வேறு.

அந்த ஒரு வாரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜமால் பாய் லாரி கிழக்கே போய், ஏரிக்கரை வழியாகச் சுற்றி, மறுபடியும் கிழக்கே போகும். கரும்பு டிராக்டர், பள்ளிக்கூட வேன், மாடு ஏற்றுகிற டெம்போ, எல்லாம் அதன் பின்னால். மூன்றாம் நாள் ஆர்வம் அதிகமாகி யாரோ சொர்க்க ரதத்தையும் எடுத்துவிட்டார்கள். பூக்கடை முருகாயி அதைப் பார்த்துவிட்டு மாலை கட்ட ஆரம்பித்துவிட்டாள். தெற்குத் தெருவில் படுத்த படுக்கையாக இருந்த சடையப்பர் மகனைக் கூப்பிட்டு, "டேய், அந்த வண்டி நம்ம வாசல் வழியா போய்க்கிட்டே இருக்கே. எனக்காகத்தான் சுத்துதா? கேட்டுட்டு வா" என்றாராம். அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். கோபத்தில் எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே நடமாட ஆரம்பித்துவிட்டார். எங்கள் திட்டத்தால் நேரடியாகப் பலன் அடைந்தவர் அவர் ஒருவர்.

அந்தப் பையன்களில் ஒருவன் ஜமால் பாயை நிறுத்திக் கேட்டான். "ஐயா, காலையிலேருந்து தண்ணி லாரி போய்க்கிட்டே இருக்கே, ஊருக்குள்ள எங்கயாவது தீப்பிடிச்சிருக்கா?"

"தாகம் தம்பி, தாகம். எங்க ஊர்ல தாகம் ஜாஸ்தி" என்றார் பாய்.

பையனும் ஒரு கோடு போட்டுக்கொண்டான்.

பலன் கிடைத்தது தம்பி. அடுத்த வருஷம் கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஒரு இன்ஜினியர் வந்து சுவரில் படம் காட்டினார். நடுவில் எங்கள் ஊர், சுற்றிச் சிவப்பு. "இந்தத் தடத்திலேயே நெரிசல் மிகுந்த ஊர் உங்கள் ஊர்தான். அதனால் உங்களுக்குத்தான் முன்னுரிமை" என்றார். மண்டபமே அதிர்ந்தது. நானே மேடையேறி அவருக்குப் பொன்னாடை போர்த்தினேன். போர்த்திவிட்டு இறங்கும்போதுதான் பார்த்தேன், ஊருக்கு வெளியே வயல் பக்கமாக ஒரு பச்சைக் கோடு வளைந்து போகிறது.

"அது என்னங்க பச்சை?"

"அதுதாங்க பைபாஸ். இனிமே எல்லா வண்டியும் அதுலதான் போகும்."

"அப்போ எங்க ஊரு?"

"உங்க ஊரு நிம்மதியா இருக்கும்" என்றார்.

பொன்னாடையைத் திரும்பக் கேட்க முடியுமா? முடியாது.

ஆனாலும் நான் மனம் தளரவில்லை. பைபாஸ் என்பது கூடுதலாக ஒரு ரோடு, அவ்வளவுதான் என்று சங்கத்தில் விளக்கினேன். லாரிகள் வெளியே போகட்டும், பஸ்கள் உள்ளே வரும் என்றேன். பைபாஸ் திறந்ததும் முதலில் எக்ஸ்பிரஸ் பஸ்கள் வெளியே போயின. சரி, அவை எக்ஸ்பிரஸ். பிறகு சாதாரண பஸ்கள் போயின. கண்டக்டர்கள் எல்லோரும் ஒரே பாட்டு. "பைபாஸ்ல இறங்கிக்கங்க. ஊருக்குள்ள போய்ட்டு வந்தா டைம் கீப்பர் என்னைத் தொலைச்சிடுவார்." டவுன் பஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதற்கும் டெப்போவிலிருந்து ஒருவர் வந்தார். கடைவீதியில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ரோட்டின் நடுவில் ஒரு நாய் கால் நான்கையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. "இந்த ஊருல போக்குவரத்தே இல்லையே" என்று எழுதிக்கொண்டு போனார். டவுன் பஸ்ஸும் நின்றது.

நியாயத்தைப் பாருங்கள். அதே ஊர், அதே ரோடு. டெல்லிக்காரர்கள் பார்த்தால் வண்டி அதிகம், அதனால் ரோட்டை எடுத்துவிட்டார்கள். நம்ம மாவட்டத்துக்காரர்கள் பார்த்தால் வண்டி குறைச்சல், அதனால் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. பேசிக்கொள்ளாமலேயே இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்கிறார்கள்.

இதில் என்மேல் ஒரு பழி வேறு. எல்லோரும் பைபாஸுக்கு நடக்கிறார்களா, செருப்புச் சீக்கிரம் தேய்கிறது. என் கடையில் வியாபாரம் கொஞ்சம் கூடிவிட்டது. "செருப்புக் கடைக்காரர் பஸ்ஸை நிறுத்திட்டார்" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அப்படி நினைத்து நான் செய்வேனா? நல்ல செருப்பு தம்பி, உங்கள் காலில் இருக்கிறதைவிடக் கெட்டி. அடுத்த தடவை வந்தால் கடைக்கு வாருங்கள்.

வசுமதியைச் சொல்கிறேன். அவள் விடிவதற்கு முன்பே கிளம்பி இவ்வளவு தூரமும் நடப்பாள். மழைக்காலத்தில் இந்தப் பாலத்தின் அடியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நனைந்த சேலையோடு போய் ஊராருக்கு ரத்தம் எடுப்பாள். ஒரு நாள் மாற்றுச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "அப்பா, டவுன்ல ஒரு வீடு பாத்திருக்கேன். நீங்களும் வாங்க."

"கடையை விட்டுட்டு எப்படிம்மா? பொங்கலுக்குள்ள பஸ் வந்துடும். அப்பா சொல்றேன்" என்றேன்.

"நீங்க ஒண்ணும் பண்ணாதீங்கப்பா. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவளும் பார்த்தாள். நூல் மில்லுக்குப் போகிற பெண்கள், நர்சுகள், காலேஜ் பிள்ளைகள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு டெப்போ மேனேஜரைப் போய்ப் பார்த்தாள். கொடி இல்லை, கோஷம் இல்லை. சங்கத்து லெட்டர்பேடுகூட வாங்கிக்கொள்ளவில்லை. நான் கொடுக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். அப்படிப் போனால் காரியம் நடக்குமா? நடந்துவிட்டது. அந்த மேனேஜர் நல்ல மனுஷர் போலிருக்கிறது. "ஒரு மாசம் சோதனை. காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, பஸ் ஊருக்குள்ள வரும். கூட்டம் எவ்வளவுன்னு நான் பாக்க மாட்டேன். சொன்ன நேரத்துக்கு மறுபடி பைபாஸ் ஏறிடணும். அது முடிஞ்சா நிரந்தரம்" என்றாராம்.

வசுமதி வந்து இதைச் சொல்லிவிட்டு, அடுப்படியில் ரொம்ப நாளைக்கு அப்புறம் பாட்டு முணுமுணுத்தாள். டவுன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். பிறகு என்னிடம் வந்து, "அப்பா, கூட்டம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பஸ் வரும், நாங்க ஏறுவோம், போகும். சரியா?" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள். இத்தனை மாதத்துக்கு அப்புறம் ஊருக்குள் பஸ் வருகிறது. வாசலுக்கு வருகிறவர்களை வாங்க என்றுகூடச் சொல்லாமல் விடுகிற ஊரா இது? நாளைக்கு அந்த டிரைவர் நாலு இடத்தில் என்ன சொல்வார்?

அதனால் சின்னதாக ஒரு வரவேற்பு. சின்னதாகத்தான். இரண்டு வாழைமரம், மாவிலைத் தோரணம், ஒரு செட் நாதஸ்வரம். பஸ் வந்து நின்றதும் பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பொன்னாடை. டிரைவர் பெயர் ஆரோக்கியம், கூச்ச சுபாவம். "ஐயா, போதுங்க. நேரமாகுது" என்றார்.

"முதல் நாள்தானே!" என்று சொல்லிவிட்டு நான் நாலு வார்த்தை பேசினேன். நாலு என்றால் நாலு இல்லை. பின்னணியைச் சொல்லாமல் முடிக்க முடியாது அல்லவா?

வசுமதி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கையாட்டினேன். அவள் ஆட்டவில்லை. பெண் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தார் சாயங்காலம் கடைக்கு வந்துவிட்டார்கள். "வியாபாரிங்க மட்டும்தான் ஊரா? நாங்க மாலை போடக்கூடாதா?" என்றார்கள். பஸ் வந்தால் அவர்கள் பிழைப்புக்கு நஷ்டம். அவர்களே மாலை போட வருகிறார்கள் என்றால் அந்தப் பெரிய மனதை நாம் மதிக்க வேண்டாமா? இரண்டாம் நாளை அவர்களுக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மகளிர் குழு. அவர்கள் ஆரத்தி எடுத்தார்கள், கண்டக்டருக்குத் திலகம் வைத்தார்கள். நாலாம் நாள் ஜமால் பாய், பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் நன்னாரி சர்பத். அவர் குவளையைத் திரும்ப வாங்காமல் பஸ்ஸை விட மாட்டார். சடையப்பரும் கைத்தடியோடு வந்து, அந்த வண்டிக்கு இந்த வண்டி தேவலை என்று டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை அவசரப்படுத்த முடியுமா? எந்தச் சங்கத்தையும் எந்தத் தெருவையும் விட்டுவிடக் கூடாது என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன்.

இரண்டாம் நாள் வசுமதி ஜன்னல் வழியாக, "அப்பா, டூட்டிக்கு நேரமாச்சுப்பா" என்றாள். மூன்றாம் நாள் மில்லுக்குப் போகிற பெண் ஒருத்தி, "பெரியப்பா, உங்க மரியாதையெல்லாம் ஞாயித்துக்கிழமை வச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டாள். வேலைக்குப் போகிற அவசரத்தில் பேசுகிறாள் என்று நான் பொருட்படுத்தவில்லை. நாலாம் நாள் சர்பத் நடந்துகொண்டிருக்கும்போது வசுமதி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். குவளையை ஜமால் பாய் கையில் கொடுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைபாஸைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் பின்னால் அந்த மில் பெண்ணும் இறங்கினாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக எல்லோரும். பஸ் காலியாக நின்றது. நாதஸ்வரம் வாசித்துக்கொண்டே இருந்தார்கள், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதால்.

மாதம் முடியவில்லை. இரண்டாவது வாரமே சோதனையை நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டு நான் நேரில் போனேன். மேனேஜர் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். 'கொன்றையூருக்குள் நுழையும் பேருந்து குறித்த நேரத்தில் வெளியேற இயலவில்லை. காரணம்: ஊருக்குள் கடும் நெரிசல்' என்று இருந்தது.

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது தம்பி. நெரிசல்! போக்குவரத்தே இல்லை என்று எழுதினார்களே, அதே ஆபீஸ்! இப்போது கடும் நெரிசல் என்று அவர்கள் கையாலேயே எழுதிவிட்டார்கள். ஓடோடி வீட்டுக்கு வந்து வசுமதியிடம் சொன்னேன். "ஒத்துக்கிட்டாங்கம்மா! எழுத்துல ஒத்துக்கிட்டாங்க! இதை வச்சே மந்திரி வரைக்கும் போகலாம்!"

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பில் எதையோ பார்க்கிற மாதிரி. பிறகு உள்ளே போய்ப் போனை எடுத்து, "சார், அந்த வீடு இன்னும் காலியா இருக்கா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. தட்டு வைக்கிறாள், குழம்பு ஊற்றுகிறாள், போதுமா என்றுகூடக் கேட்பதில்லை. நான் கையைக் காட்டி நிறுத்திக்கொள்கிறேன்.

நான் என்ன தப்புச் செய்தேன் சொல்லுங்கள். நீங்கள் வெளியூர், பொதுவான ஆள். பேசாமல் இருக்கிறீர்களே. யோசிக்கிறீர்களா? யோசியுங்கள். ஜமால் பாயும் இப்படித்தான்.

அவள் இல்லாத வீட்டுக்குச் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுப் போய் நான் என்ன செய்வேன்? அதைத்தான் அவளிடம் சொல்ல வேண்டும் என்று வந்தேன். வந்ததிலிருந்து உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் பேச எளிதாக இருக்கிறது.

அதோ, பஸ். பையை எடுங்கள். கையை நன்றாக நீட்டுங்கள், இல்லாவிட்டால் போய்விடுவான். நிற்கிறது, நிற்கிறது. ஒரு உதவி செய்யுங்கள் தம்பி. அவள் பெட்டி கனம், நீங்கள் தூக்கி மேலே வைத்துவிடுங்கள். நான் தூக்கினால் கொடுக்க மாட்டாள். ஆமாம், அப்படித்தான். ஏறிக்கொள்ளம்மா. பார்த்து.

டிரைவர் தம்பி, ஒரே ஒரு நிமிஷம். நான் கொன்றையூர் வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இல்லைங்க, மனு இல்லை. இது வேற. ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்தான். கண்டக்டர், விசில் ஊதாதீங்க, பெரியவன் பேசிக்கிட்டிருக்கேன் இல்லையா? கை பட்டா பஸ் தேஞ்சா போயிடும்?

என்னம்மா? என்ன சொன்னே?

தம்பி, உங்களுக்குக் காதில் விழுந்ததா? ஜன்னல் பக்கம் நிற்கிறீர்களே, விழுந்திருக்கும். 'அப்பா, கையை எடுங்கப்பா, எல்லாருக்கும் நேரமாகுது' என்றாள். என்னிடம்தான் சொன்னாள். இரண்டு தடவை அப்பா என்றாள்.

எடுத்துட்டேன்மா. இதோ, எடுத்துட்டேன் பாரு.

கண்டக்டர், என்னைப் பாத்துக்கிட்டு ஏன் நிக்கறீங்க? விசில் கொடுங்க. போகட்டும்.

ரைட்!